நிறுத்தி வைத்த வண்டி

1

நாற்பது வருடம் நின்ற காரைப் பார்க்க வந்த மெக்கானிக் பாய், எஞ்சின் பக்கமே போகவில்லை. லுங்கியை மடித்துக் கட்டி, சாக்கை விரித்து, வண்டிக்கடியில் படுத்தார். நான்கு சக்கரத்தின் பின்னாலும் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். எழுந்து கையைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "ஓட வெக்கிறது அப்புறம் சார். மொதல்ல நிக்க வெக்கணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த வண்டி நாற்பது வருடமாகச் செய்த ஒரே வேலை நிற்பதுதான். ஆனால் அவர் சொன்னது சரி. சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் சிலிண்டர்கள் துருவேறி இறுகியிருந்தன. ரப்பர் குழாய்கள் கையில் எடுத்தால் பிஸ்கட் மாதிரி உடைந்தன. பிரேக் ஆயிலுக்குக் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. வருடக்கணக்கில் விட்டால் அது உள்ளிருந்தே இரும்பை அரிக்கும். எஞ்சின் ஓடி பிரேக் இல்லாத வண்டி, ஓடாத வண்டியைவிட மோசம்.

மரக்காணத்தில் என் அம்மாவைப் பெற்ற தாத்தாவின் வீடு. பின்கட்டில் ஓட்டுக்கூரை போட்ட ஒரு ஷெட். அதில் 1966ஆம் வருடத்து ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், இரண்டு கதவு மாடல். தாத்தா 2001இல் இறந்தார். 2023இல் வீட்டை விற்பதென்று முடிவானபோது வண்டிக்கு இரண்டே வழிகள் இருந்தன: காயலான் கடை, அல்லது ரிப்பேர். காயலான் கடைக்காரர் எடைக்கு விலை சொன்னார். அம்மா எதுவும் சொல்லவில்லை. நான் ரிப்பேர் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அப்போது யோசிக்கவில்லை.

2

ஹெரால்ட் நம்மூர் வண்டி. இங்கிலாந்தில் டிரையம்ஃப் கம்பெனி 1959இல் கொண்டுவந்த காரை, 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் தயாரித்தது. கல்கத்தா பக்கம் அம்பாசடர், பம்பாயில் ஃபியட், மெட்ராஸில் ஸ்டாண்டர்ட். லைசென்ஸ் ராஜ் காலத்து இந்தியாவில் கார் வாங்க நினைத்தவருக்கு இந்த மூன்றுதான் பெயர்கள். ஹெரால்டுக்குப் பிறகு கெஸல் வந்தது. 1985இல் ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெரிய கார் வந்து, மூன்றே வருடத்தில் நின்றது. கம்பெனியும் கதையாகிவிட்டது.

இந்த வண்டியில் ஒரு விசேஷம் உண்டு. முன்பக்கம் மொத்தமும், பானெட்டும் இரண்டு பக்க மட்கார்டும் சேர்ந்து, முதலை வாயைப் போல முன்னால் திறக்கும். அடியில் தனிச் சட்டம், அதன்மேல் போல்ட் போட்டு மாட்டிய துண்டு துண்டான பாடி. இங்கிலாந்தில் முழு பாடியை ஒரே கூடாகச் செய்துதர ஆள் கிடைக்காததால் இப்படி வடிவமைக்க வேண்டிவந்தது. ஆகவே ஹெரால்ட் பிறக்கும்போதே கழற்றி மாட்டக்கூடிய வண்டி. ஒவ்வொரு துண்டாக மாற்றிக்கொண்டே போகலாம்.

மாற்றவும் வேண்டியிருந்தது. மரக்காணத்தில் இரும்பு வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சுத்தமான சோடியம் குளோரைடு காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடலோரத்து இரவுகளில் அது சாதாரணம். உப்பளத்து உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கும். அதற்கு 33 சதவீதமே போதும். அதாவது உப்புத்தூசி படிந்த தகரம் ஏறக்குறைய எப்போதும் ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலத்துக்குள் இருக்கிறது. துருப்பிடித்தல் மின்வேதியியல் சமாச்சாரம், அதற்குத் தேவையான கம்பியை உப்புநீர் போட்டுக்கொடுக்கிறது. துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். ஒட்டிய இரண்டு தகடுகளுக்கு நடுவே அது வீங்கி அவற்றைப் பிரிக்கும். 2011 டிசம்பரில் தானே புயல் ஷெட்டின் பாதி ஓடுகளைத் தூக்கிப் போட்டது. அதற்குப் பிறகு மழையும் சேர்ந்துகொண்டது. வண்டியின் தரைத் தகடு நான் கை வைத்த இடத்தில் அப்பளமாக நொறுங்கியது.

எஞ்சின் பிழைத்திருந்தது. பாய் அதை அவசரப்படுத்தவில்லை. நாலு பிளக்கையும் கழற்றி, ஓட்டைகளில் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி, பத்து நாள் விட்டார். "செல்ஃப் அடிச்சோம்னா ரிங்கு ஒடஞ்சிடும்" என்றார். பதினோராம் நாள் கைப்பிடி போட்டு மெல்ல அசைத்தார். அசையவில்லை. மறுபடி ஆயில், மறுபடி நான்கு நாள். பிறகு ஒரு மதியம் கைப்பிடி ஒரு விரற்கடை நகர்ந்தது. டேங்கில் பழைய பெட்ரோல் வார்னிஷ் மாதிரி பிசினாகியிருந்தது. கார்புரேட்டரின் துவாரங்கள் அதே பிசினால் அடைபட்டிருந்தன. வயர்களை எலி தின்றிருந்தது. நான் சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்து வருவேன். புதுப்பேட்டையில் தேடி எடுத்த சாமான்களைக் கொண்டுவந்து தருவேன்.

டிங்கரிங் செய்பவர் வந்த அன்றைக்குத்தான் கேள்வி வந்தது. இடது முன் மட்கார்டில், விளக்குக்குச் சற்றுப் பின்னால், ஒரு நசுங்கல். உள்ளங்கை அகலம். "இத எடுத்துடலாங்களா?" என்றார். நான் "இருங்க, சொல்றேன்" என்றேன்.

3

அந்த நசுங்கல் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். 1983 சித்திரையில், அந்தி நேரம், திண்டிவனம் சாலையில் தாத்தா வண்டி ஓட்டி வருகிறார். எதிர் வெயிலா, கவனக்குறைவா தெரியாது. சைக்கிளில் போன ஒருவர் மேல் மோதிவிட்டார். அடிபட்டவர் தாத்தாவின் உப்பளத்திலேயே உப்பு வாரியவர். இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. தாத்தா அதே வண்டியில் அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு ஓடினார், செலவு செய்தார், ஆறு மாதக் கூலி கொடுத்தார். கேஸ் இல்லை. திரும்பி வந்து வண்டியை ஷெட்டில் விட்டுப் பூட்டினார். இனி இதைத் தொடமாட்டேன் என்று சாமி முன்னால் சத்தியம் செய்தார். சாகும்வரை தொடவில்லை.

இந்தக் கதையைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். தப்பு செய்தால் இப்படித்தான் அதைச் சுமக்க வேண்டும் என்பதற்கு எங்கள் வீட்டு உதாரணம் தாத்தா. ஆகவே அந்த நசுங்கலை எடுப்பது எனக்கு ஏதோ ஒரு பதிவை அழிப்பது போலிருந்தது. மென்பொருளில் பழைய கோடைத் திருத்தலாம், ஆனால் யார் எப்போது எதைத் திருத்தினார் என்ற வரலாற்றை அழிக்கக்கூடாது என்பது எங்கள் தொழிலில் ஓர் ஒழுக்கம். வண்டிக்கு அந்த வரலாறு அதன் தகரத்தில்தானே இருக்கிறது?

ஒரு பொருளின் எல்லாப் பாகங்களையும் மாற்றிய பின்னும் அது அதே பொருள்தானா என்பது பழைய கேள்வி. கிரேக்கர்களுக்குத் தீசியஸின் கப்பல். நமக்கு இன்னும் பக்கத்தில் நாகசேனரின் தேர். மிலிந்தன் என்ற கிரேக்க அரசனிடம் அந்தப் பிக்கு கேட்கிறார்: எதில் வந்தாய்? தேரில். அச்சு தேரா? சக்கரம் தேரா? நுகம் தேரா? எதுவும் இல்லை. தேர் என்பது ஒரு வழக்கப் பெயர், அவ்வளவுதான்.

நம் அரசாங்கம் வேறு மாதிரி சொல்கிறது. 2021 ஜூலையில் வந்த விதிப்படி 50 வருடத்துக்கு மேலான, மூல வடிவில் பேணப்பட்ட கார்களும் பைக்குகளும் விண்டேஜ். சேஸிஸ், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், நம்பரில் 'விஏ' என்ற எழுத்துகள், அன்றாட ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. மாறாமல் இருந்தால்தான் அது அது.

லண்டன் நீதிமன்றம் ஒன்று 1990இல் மூன்றாவதாக ஒரு பதில் சொன்னது. 'ஓல்ட் நம்பர் ஒன்' என்ற பென்ட்லி, 1929இலும் 1930இலும் லெ மான்ஸ் பந்தயத்தில் ஜெயித்த கார். அதை ஒருவர் ஒரு கோடி பவுண்டுக்கு விற்க, வாங்கியவர்கள் இது அசல் இல்லை என்று பின்வாங்கினார்கள். எஞ்சின், சட்டம், பாடி எல்லாம் வெவ்வேறு காலத்தில் மாற்றப்பட்டவை. ஆனால் நீதிபதி ஆட்டன், இந்தக் கார் எந்தக் கட்டத்திலும் இல்லாமல் போகவில்லை, அறுபடாத ஒரு வரலாறு அதற்கு இருக்கிறது, ஆகவே இது உண்மையான ஓல்ட் நம்பர் ஒன்தான் என்று தீர்ப்பளித்தார்.

எனக்கு அந்த வழக்கில் வேறொன்று ஒட்டிக்கொண்டது. அந்தக் கார் 1932இல் புரூக்லண்ட்ஸ் பந்தயத்தில் தடத்தின் மேல்விளிம்பைத் தாண்டிப் பாய்ந்தது. ஓட்டிய கிளைவ் டன்ஃபீ இறந்தார். அதன் பிறகும் அதை மறுபடி கட்டி ஓட்டினார்கள். அறுபடாத வரலாறு என்றால் அந்தச் சாவும் அதில் சேர்த்திதான்.

நாகசேனரும் தேரோடு நிற்கவில்லை. நான் என்று ஒன்று இல்லையென்றால் பாவம் யாரைச் சேரும் என்று அரசன் மடக்குகிறான். பிக்கு ஒரு மாங்காய்த் திருடனைச் சொல்கிறார். 'அவன் நட்டது வேறு மாங்காய், நான் பறித்தது வேறு மாங்காய்' என்று திருடன் வாதாடினால் விட்டுவிடுவாயா? விடமாட்டேன், இது அதிலிருந்து வந்ததுதானே, என்கிறான் அரசன். பாகங்கள் மாறலாம், பெயர் வெறும் பெயராக இருக்கலாம். கடன் மட்டும் தொடரும்.

சரி, கடன் யாருக்கு? அதைக் கேட்கத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போனேன்.

4

அடிபட்டவர் பத்து வருடம் முன்பே இறந்துவிட்டார். அவர் மகள் இருக்கிறார். ஐம்பது வயது இருக்கும். உப்பளத்தில் குத்தகைக்குப் பாத்தி எடுத்துச் செய்கிறார். நான் போனபோது வரப்பில் நின்று வாரிய உப்பைக் கரையேற்றிக்கொண்டிருந்தார். யார் பேரன் என்று சொன்னதும் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு "வாங்க தம்பி" என்றார்.

வண்டியை ரிப்பேர் பண்ணுகிறேன் என்றேன். நசுங்கலைப் பற்றிச் சொன்னேன். எடுக்கட்டுமா வேண்டாமா என்று உங்களைக் கேட்காமல் முடிவு செய்ய மனசில்லை என்றேன். பேருந்தில் வரும்போதே தயார் செய்துகொண்ட வாக்கியம்.

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "அத ஏன் எங்கிட்ட கேக்குறீங்க?" என்றார். கோபம் இல்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டார். "உங்க வண்டி. உங்க தகரம்."

நான் ஏதோ சொன்னேன். தாத்தா அதற்கப்புறம் வண்டியைத் தொடவே இல்லை தெரியுமா, அவ்வளவு வருத்தம் அவருக்கு, என்றேன்.

"தெரியுமே" என்றார். "அந்த வருசம் ஐப்பசியில எங்கம்மாவுக்கு நோவு கண்டுச்சு. அடமழை. அப்பா காலு கட்டோட கெடக்குறாரு. ஊர்ல அப்ப உங்க வண்டி ஒண்ணுதான். பாம்பு கடிச்சாலும் பிரசவம்னாலும் உங்க தாத்தாதான் ஓட்டினு போவாரு, நல்ல மனுசன். நான்தான் போய்க் கேட்டேன், பத்து வயசு எனக்கு. சாமி மேல சத்தியம் பண்ணிட்டேன், வண்டியத் தொடமாட்டேன்னாரு. அழுதாரு. மாட்டு வண்டிக்கு ஆள் அனுப்புனாரு. அது வந்து, தண்ணியில போயி... அம்மா பொழச்சுது. தம்பி பொழைக்கல."

மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு ஒன்று சேர்த்தார்: "அவரு தொடவேணாம். சாவியக் குடுத்திருந்தாக்கூடப் போதும். ஓட்டத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் இருந்தான்."

நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. கிளம்பும்போது குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

5

திருவாரூரில் ஒரு கல்தேர் இருக்கிறது. மனுநீதிச் சோழனின் மகன் ஓட்டிய தேரில் கன்று அடிபட்டுச் சாகிறது. தாய்ப்பசு மணி அடிக்கிறது. அரசன் தன் மகனைத் தேர்க்காலில் இட்டுக் கொல்கிறான். சென்னை உயர் நீதிமன்றத்தில் அவன் சிலை நிற்கிறது. பாண்டியன் அவையில் கண்ணகி தன் ஊரைச் சொல்லும்போது இவனைத்தான் சொல்கிறாள். தமிழின் மிகப் பழைய சாலை விபத்து வழக்கு இதுதான். பள்ளியில் படித்தபோது நான் கேட்காத கேள்வி ஒன்றை இப்போது கேட்கிறேன்: மகன் செத்ததில் பசுவுக்கு என்ன கிடைத்தது? பெரியபுராணத்துக்கும் இந்தச் சங்கடம் இருந்திருக்க வேண்டும். அங்கே இறைவன் வந்து கன்றையும் மகனையும் எழுப்பித் தருகிறார். எழுப்பித் தர யாரும் வராத விபத்துகளில் தண்டனை யார் பக்கம் பார்த்து நிற்கிறது?

தாத்தாவின் சத்தியம் அவரைப் பற்றியது. அவர் கை, அவர் வண்டி, அவர் பாவம். அந்தக் கணக்கில் அடிபட்டவருக்கு ஒரு வரி உண்டு. ஊருக்கு வரி இல்லை. வண்டி அவருடையதாக இருந்தாலும் அதன் ஓட்டம் அதற்குள் ஊருடையதாகிவிட்டது என்பதை அவர் கவனிக்கவில்லை. தன்னைத் தண்டிக்கிறேன் என்று அவர் பூட்டியது பத்து இருபது குடும்பங்களின் அவசர வழியை. வள்ளுவர் வாய்மையை வரையறுக்கும் இடத்தில் நடந்ததை நடந்தபடி சொல்வதை அளவுகோலாக வைக்கவில்லை, யாருக்கும் தீங்கு தராத சொல்லைத்தான் வைக்கிறார். அந்த மழை இரவில் தாத்தா சொல் தவறவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவரைத் தூக்கி எறியவும் எனக்கு மனசில்லை. மோதிய கை மறுபடி ஸ்டீயரிங்கைப் பிடிக்க நடுங்கும். அந்த நடுக்கம் உண்மை. எங்கள் அலுவலகத்திலும் பார்த்திருக்கிறேன். தான் எழுதிய ஒரு மாற்றத்தால் சர்வர் விழுந்து, இரவெல்லாம் திட்டு வாங்கியவர், 'இனி அந்த மாட்யூலைத் தொடமாட்டேன்' என்பார். எல்லோரும் அதைப் பணிவு என்று எடுத்துக்கொள்வோம். ஆறு மாதம் கழித்து அந்த மாட்யூல் அநாதையாக நிற்கும். அதை நன்றாக அறிந்த ஒரே ஆள் விலகிவிட்டார். அடுத்த முறை அது விழும்போது தூக்க ஆளில்லை. வருத்தம் ஒருவரை இன்னும் கவனமாக ஓட்டவைக்கலாம், அல்லது ஓட்டாமலே இருக்கவைக்கலாம். இரண்டாவது பார்வைக்குப் பெரியது, மரியாதையும் அதற்குத்தான் அதிகம். ஆனால் விலை பெரும்பாலும் வேறு யாரோ கொடுப்பது.

மரக்காணத்தைச் சங்க இலக்கியத்து எயிற்பட்டினம் என்று சொல்வார்கள். அந்தப் பட்டினத்தைப் பாடும் சிறுபாணாற்றுப்படையிலேயே பாரியின் தேரும் வருகிறது. முல்லைக்கொடி படரத் தன் தேரை நிறுத்திவிட்டுப் போன பாரி. நிறுத்திய தேர் என்றால் நமக்கு உடனே அந்தக் கொடைதான் ஞாபகம் வரும். எங்கள் வீட்டிலும் ஷெட்டில் நின்ற வண்டியை அந்த மாதிரிதான் பார்த்தோம். பாரியின் தேரில் கொடி படர்ந்தது. தாத்தாவின் வண்டியில் துருதான் படர்ந்தது.

6

அம்மாவிடம் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பிறகு, "கதவத் தொறந்ததே நான்தான். தொப்பலா நனஞ்சு நின்னா" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. நாற்பது வருடம் அந்த நசுங்கலைப் பற்றிப் பேசிய வீட்டில் இதை யாரும் பேசவில்லை. இந்தக் குற்றம் வண்டியில் எந்தத் தடயத்தையும் விடவில்லை. விட்டிருந்தால் நாங்கள் என்ன கதை சொல்லியிருப்போம் என்று தெரியவில்லை.

அடுத்த வாரம் டிங்கரிங்காரரிடம் நசுங்கலை எடுத்துவிடச் சொன்னேன். அழிக்கக்கூடாத பதிவு என்று நான் நினைத்தது எங்கள் குடும்பத்தின் மெடல். பார், எங்கள் தாத்தா எவ்வளவு வருந்தினார் என்று காட்டும் மெடல். அவர் அரை மணி நேரத்தில் தட்டி நிமிர்த்தி, பட்டி வைத்துத் தேய்த்துவிட்டார்.

2024 தை மாதம் எஞ்சின் கிளம்பியது. முதலில் புகை, பிறகு இருமல், பிறகு ஒரு சீரான சத்தம். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் உப்பளச் சாலையில் ஓட்டிப் போனேன். எல்லா வண்டியும் என்னைத் தாண்டிப் போயின. மகளின் பாத்திப் பக்கம் நிறுத்தி, ஒரு சுற்று வருகிறீர்களா அக்கா என்று கேட்டேன். "வேல கெடக்கு தம்பி" என்றார். வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "இப்பதான் 108 வருதே" என்றார். குத்திக் காட்டிச் சொன்ன மாதிரி இல்லை, தகவலாகத்தான் சொன்னார். ஆமாம், வண்டியை மீட்டதால் அந்த ஐப்பசி இரவு மீளவில்லை. நாகசேனரின் கடன் இங்கே எனக்கு வசூலாகாமலே நிற்கிறது. அவர் எதையும் கேட்கவில்லை என்பது கணக்கு தீர்ந்ததற்கு அர்த்தம் இல்லை.

வீடு விற்றாயிற்று. வண்டி இப்போது பாய் பட்டறையில் ஓரமாக நிற்கிறது. "வாரத்துக்கு ஒருக்கா பத்து கிலோமீட்டராவது ஓட்டணும் சார். இல்லன்னா மறுபடி புடிச்சுக்கும்" என்கிறார். நான் எல்லா வாரமும் வர முடிவதில்லை. அதனால் இன்னொரு சாவி போட்டுப் பட்டறைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறேன். ஓட்டத் தெரிந்த யார் அவசரமென்று வந்து கேட்டாலும் எனக்கு ஃபோன் போட வேண்டாம், கொடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். பாய் சிரித்தார். "இந்த வண்டிய எவன் சார் அவசரத்துக்குக் கேப்பான்?" என்றார். இதுவரை யாரும் கேட்கவில்லை.